பில் போடும் கடைக்கு டிகிண்டர்: எக்ஸை அழுத்தினால் முழுசா மூடுமா?

கொத்தவால் சாவடியில் ஒரு பருப்புக் கடைக்கு எடை பார்த்து பில் அடிக்கும் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைதான் மொழி, கூடவே விண்டோ, பட்டன் போட டிகிண்டர் என்ற தொகுப்பு. விண்டோஸில் பைதானைப் போட்டாலே டிகிண்டரும் வந்துவிடும், தனிச் செலவு கிடையாது. தோற்றம் சுமார்தான், கல்லாவில் உட்காருபவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நான் முதலில் பார்ப்பது, மூலையில் உள்ள எக்ஸை அழுத்தினால் புரோகிராம் உண்மையிலேயே முடிகிறதா என்பதைத்தான். ஜாவாவில் இதே வேலைக்கு உள்ள ஸ்விங்கில், ஜேஃபிரேம் (அதன் விண்டோ) சும்மா விட்டால் விண்டோவை மறைக்க மட்டும் செய்யும். 'எக்ஸிட் ஆன் க்ளோஸ்' என்று நாமே எழுத வேண்டும். அதற்கும் மூத்த ஏடபிள்யூடி ஃபிரேம் அசையவே அசையாது. டிகிண்டரில் எதுவும் எழுதாவிட்டாலும் விண்டோ போகும், மெயின்லூப் (க்ளிக்குகளுக்காகக் காத்துச் சுற்றும் லூப்) முடியும். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆனால் த்ரெட் (புரோகிராமுக்குள் கூடவே தனியாக ஓடும் வேலை) என்று வந்துவிட்டால் பொறுப்பு நம்முடையது. தராசு சீரியல் கேபிளில் காம் போர்ட்டுக்கு வருகிறது. எடையை விடாமல் படிக்க ஒரு த்ரெட் வேண்டும். விண்டோ மூடினாலும் அந்த த்ரெட் ஓடும். அது நிற்கும்வரை பைதானும் வெளியேறாது. கருப்புத் திரை தெரியாமலிருக்க பைதான்டபிள்யூவில் ஓட்டினால், அது முடியாமல் ஓடிக்கொண்டிருப்பது டாஸ்க் மேனேஜரில் மட்டுமே தெரியும். போர்ட் அதன் பிடியில் இருப்பதால், மறுபடி திறந்தால் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்று வரும். கடைக்காரர் போனில் சொல்வது இவ்வளவுதான்: "தம்பி, எடை வரல. வண்டி நிக்குது, சீக்கிரம் பாருப்பா."

டீமன் த்ரெட்டாக, அதாவது முடியும்வரை பைதான் காத்திருக்காத த்ரெட்டாக, மாற்றினால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டீமன் த்ரெட் வெளியேறும் நேரத்தில் சட்டென்று அறுபடும். கோப்பில் பாதி எழுதிய வரி பாதியிலேயே நிற்கலாம். கணக்கு எழுதும் இடத்தில் அது ஆகாது.

எக்ஸை அழுத்தியதும் வரும் 'டபிள்யூஎம் டெலிட் விண்டோ'வுக்கு புரோட்டோகால் மூலம் ஒரு ஃபங்ஷனைக் கட்டிவிடுங்கள். அதற்குள் வரிசை முக்கியம்: நிலுவையில் உள்ள ஆஃப்டர் அழைப்பை (சற்று நேரம் கழித்து ஓடச் சொன்னதை) ரத்து செய்து, த்ரெட்டை நிற்கச் சொல்லும் ஈவெண்டை செட் செய்து, த்ரெட் முடியும்வரை ஜாயினில் காத்திருந்து, போர்ட்டை மூடி, கடைசியாகத்தான் விண்டோவை அழிக்கும் டெஸ்ட்ராய். போர்ட்டைத் திறக்கும்போதே டைம்அவுட் 1 நொடி வையுங்கள். இல்லாவிட்டால் தராசு அணைந்திருக்கும் நேரத்தில் த்ரெட் அடுத்த எடை வரியைப் படிக்கும் ரீட்லைனிலேயே காத்துக் கிடக்கும், ஜாயினும் முடியாது, திரை உறைந்துவிடும். த்ரெட்டிலிருந்து, திரையில் எடை காட்டும் லேபிளை நேராகத் தொடவும் வேண்டாம். எடையை க்யூவில் போட்டு, ஆஃப்டர் வழியாக எடுத்துக் காட்டுங்கள்.

ஒரே ஆள் எழுதிப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் என்றால் டிகிண்டருக்கு 5-க்கு 4 தருவேன். கடையில் ஒப்படைக்குமுன் தராசை அணைத்துவிட்டு ஒருமுறை எக்ஸை அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பைதான்டபிள்யூ மறையாவிட்டால் கொடுக்காதீர்கள்.