கருப்பூரா, கிண்டியா?

எம்.எஸ்சி. ஜியாலஜிக்கு எங்கே சேர்வது என்று எங்கள் வகுப்பில் இந்த வருடம் நடந்த பேச்செல்லாம் இரண்டு இடங்களைச் சுற்றித்தான். சேலத்தில் பெங்களூர் ரோட்டில் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இன்னொன்று. என் வீடு கொண்டலாம்பட்டியில். முதலாவதற்கு டவுன் பஸ் போதும்; இரண்டாவதற்கு ராத்திரி ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சென்னை 1857இல் தொடங்கியது, பெரியார் 1997இல். இந்த 140 வருட வித்தியாசம் சொந்தக்காரர்கள் முகத்திலேயே தெரியும். மெட்ராஸ் யுனிவர்சிட்டி என்றால் சித்தப்பா நிமிர்ந்து உட்காருகிறார். கருப்பூர் என்றால், "பக்கத்துலயேவா கண்ணு?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுகிறார். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பிடம் இரண்டுமே ஏ பிளஸ் பிளஸ் வாங்கியவை என்று அவருக்கு யார் விளக்குவது! வெளி மாநிலத்தில் வேலை தேடும்போது பழைய பெயருக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஜியாலஜியில் ஆய்வகம் பாதி என்றால், வெளியே கிடக்கும் பாறை மீதிப் பாதி. அந்த மீதிக்குச் சேலத்தை மிஞ்ச முடியாது. கருப்பூரை ஒட்டியே சுண்ணாம்புக் கரடு. டியூனைட் பாறைக்குள் வெள்ளை வெளேரென்று ஓடும் மாக்னசைட் கனிம நரம்புகளைப் புத்தகத்தில் படம் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. குரோமியத் தாதுவான குரோமைட்டும் அந்தப் பக்கமே உண்டு. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் என்ற கடினப் பாறை. உச்சிப் பக்கம் அது காலப்போக்கில் சிதைந்து, அலுமினியத் தாதுவான பாக்சைட் ஆகியிருக்கிறது. மேற்கே கஞ்சமலையில் இரும்புத் தாது, சங்ககிரியில் சுண்ணாம்புக்கல். வெளியூர்க் கல்லூரிகள் பஸ் பேசி ஃபீல்டு டிரிப் வரும் இடங்கள் இவை. காலையில் வகுப்பு முடித்துவிட்டுச் சுத்தியலோடு கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

அப்புறம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போவது. சந்திரயான்-2இன் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ அந்தப் பாறையைப் பொடித்துத்தான் செயற்கை நிலவு மண் தயாரித்தது. அந்த வேலையில் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறைக்கும் பங்கு உண்டு. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

சென்னையில் பாறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1893இல் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் சார்னோகைட் என்று பெயர் வைத்த பாறைக்கு மூல இடம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிதான். என்றாலும் நகரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கிண்டியின் பலம் மனிதர்களும் அலுவலகங்களும். பக்கத்திலேயே அண்ணா பல்கலைக்கழகம், கொஞ்சம் தள்ளி ஐஐடி, அதே கிண்டியில் மாநில அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை. ஒரு கருத்தரங்கம் என்றால் நடந்தே போய் உட்காரலாம். யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்குச் சேர்ந்து படிக்க ஆள் கிடைப்பதும் அங்கேதான் சுலபம். எனக்கு ஜிஎஸ்ஐ, அதாவது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவன வேலை மேல் ஒரு கண் இருப்பதால், இது என்னை நிஜமாகவே இழுத்தது.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சென்னை என்றால் விடுதி, மெஸ், பண்டிகைக்குப் பண்டிகை ரயில். இங்கே சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

பாடத்தையும் பணத்தையும் மட்டும் வைத்தால் கருப்பூர்தான் சரி. அப்படியும் மனசு ஒட்டாததற்குக் காரணம் பல்கலைக்கழகம் இல்லை, வீடு. வீட்டிலிருந்து போய்வந்தால் நான் எம்.எஸ்சி. மாணவி ஆக மாட்டேன், இன்னும் இரண்டு வருடம் பெரிய பாப்பாவாகவே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஃபீல்டு இருந்தாலும் தாரமங்கலத்தில் யாருக்காவது காதுகுத்து என்றால் போயே ஆக வேண்டும். பஸ் அரை மணி தாமதமானால் மூன்று போன் வரும். கூடப் படித்த பையன்கள் யாருக்கும் இந்தக் கணக்கு இல்லை. அவர்கள் இரண்டு இடத்தையும் பாறையையும் வேலையையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். எனக்கு மூன்றாவதாக ஒரு பத்தி தேவைப்படுகிறது, அதை எந்தக் கையேட்டிலும் அச்சடிப்பதில்லை.

கடைசியில் கருப்பூருக்கே பணம் கட்டியாயிற்று. கூடவே அங்குள்ள பெண்கள் விடுதிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். உள்ளூர்க்காரிக்கு எதற்கு விடுதி என்று அப்பா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஃபீல்டு முடிந்து வர நேரமாகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது, மெத்தை வாங்கத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறாள்.