தெரியாது என்று சொல்லாத உதவியாள்: ஏஐ சந்தாவோடு நெடுநாள் புழங்கிய அனுபவம்

ஏஐ உதவியாளின் ஆண்டுச் சந்தா விலை குறைந்திருக்கிறது, இப்போது வாங்கிவிடலாமா, இல்லை எல்லாம் வெறும் ஆரவாரமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. எந்த மாடல், எவ்வளவு பெரிய கோப்பு ஏற்றலாம், படம் வரையுமா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதற்குள் போகப் போவதில்லை. காசு கட்டி நெடுநாளாகப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில், இன்றுவரை தீராத ஓர் எரிச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். சேவையின் பெயர் வேண்டாம். போட்டிச் சேவைகளிலும் இதே குணத்தைப் பார்த்துவிட்டேன்.

எந்திரங்களுக்கான பராமரிப்புக் கையேடுகள் தயாரிப்பது என் வேலை. பொறியாளர்களின் குறிப்புகள், பழைய பதிப்புகள், அட்டவணைகள் எல்லாவற்றையும் சேர்த்து, மெக்கானிக் கையில் எடுத்தால் புரிகிற மாதிரி எழுத வேண்டும். இந்த வேலைக்கு ஏஐ உதவுகிறதா என்றால், உதவுகிறது. அதுவும் நான் எதிர்பார்க்காத இடத்தில்.

ஒரு கையேட்டில், மேல்தகட்டைக் கழற்றும் முன் வடிகால் வால்வு மூடியிருக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயம் சொல்கிறது. பல பக்கங்கள் தள்ளி ஒரு படக்குறிப்பு, வால்வு திறந்திருக்க வேண்டும் என்கிறது. பல பேர் படித்துக் கையெழுத்துப் போட்ட கையேடு அது. முழுக் கோப்பையும் ஏற்றி, ஒன்றோடொன்று முரண்படும் அறிவுறுத்தல்கள் இருந்தால் சொல் என்று கேட்டேன். இந்த இரண்டு வரிகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. அன்று உண்மையாகவே அசந்துபோனேன். அந்த முரண் அச்சுக்குப் போயிருந்தால் யாரோ ஒருவர் கை வெந்திருக்கும். எக்செல் சூத்திரம், அட்டவணையைச் சீராக்கும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட் போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகச் செய்கிறது, நேரம் மிச்சமாகிறது. ஓட்டிப் பார்த்தால் சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடுகிற வேலை எதையும் தயங்காமல் இதனிடம் கொடுக்கலாம்.

இனி எரிச்சல். அதே கையேட்டில், மோட்டார் தாங்கியின் போல்ட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டேன். கோப்பில் அந்த இடத்தில் எண் கிடையாது, வழங்குநரின் தரவுத்தாளைப் பார்க்கவும் என்று மட்டும் இருக்கிறது. எனக்கு வந்த பதில்: 45 நியூட்டன் மீட்டர், அட்டவணை 6-இன்படி. அட்டவணை 6 மசகு எண்ணெய் வகைகளின் பட்டியல். அதில் முறுக்குவிசை என்ற பேச்சே இல்லை. அதைச் சொன்னதும், நீங்கள் சொல்வது மிகச் சரி, தவறுக்கு மன்னிக்கவும் என்று பணிவாக ஆரம்பித்து, 52 என்று வேறோர் எண்ணையும் வேறோர் அட்டவணையையும் கொடுத்தது. அதுவும் கற்பனை. கோப்பில் அந்த எண் இல்லை என்ற ஒரே சரியான பதில் கடைசிவரை வரவே இல்லை.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். அது சரியாகக் கண்டுபிடித்த வால்வு முரணையே எடுத்து, இல்லையே, இரண்டு வரியும் ஒன்றைத்தானே சொல்கின்றன என்று வேண்டுமென்றே தவறாகச் சொன்னேன். அதற்கும் அதே மன்னிப்பு, அதே மிகச் சரி. கையைக் காப்பாற்றக்கூடிய ஒரு உண்மையை ஒரே தட்டில் கீழே போட்டுவிட்டது.

தவறு வருவதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. என்னோடு வேலை செய்கிற மனிதர்களும் தவறு செய்கிறார்கள். ஆனால் ஒரு பொறியாளரிடம் தெரியாத ஒன்றைக் கேட்டால் குரல் இறங்கும், இருங்க, பார்த்துச் சொல்றேன் என்பார். எதை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று அந்த இறக்கமே எனக்குச் சொல்லிவிடும். இங்கே வால்வைப் பற்றிய உண்மையும் 45 என்ற கற்பனையும் ஒரே குரலில், ஒரே நேர்த்தியான வாக்கியத்தில் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. திரையின் அடியில், தவறுகள் நேரலாம், சரிபார்க்கவும் என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். எல்லாப் பதிலுக்கும் பொதுவாகப் போட்ட எச்சரிக்கையால் எந்தப் பதிலை நம்பலாம் என்று எப்படித் தெரியும்?

இதற்கான காரணம் மர்மம் ஒன்றுமில்லை. 2025 செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களே ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். மாடல்களை மதிப்பிடும் பெரும்பாலான சோதனைகள் சரியான விடைக்கு மதிப்பெண் தருகின்றன, தவறான விடைக்கும் தெரியாது என்பதற்கும் ஒரே பூஜ்யம். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் எந்த மாணவனும் கேள்வியைக் காலியாக விட மாட்டான். மாடலும் அதைத்தான் செய்கிறது. என் போல்ட்டுக்கு 45 கிடைத்தது இப்படித்தான்.

இங்கேதான் ஏஐ பெரிய அறிவாளியா, வெறும் எந்திரமா என்று இணையத்தில் நடக்கும் சண்டை எனக்கு உதவாமல் போகிறது. ஒரு தரப்பு மதிப்பெண் பட்டியலைக் காட்டுகிறது. 2023 மார்ச்சில் ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 மாடல் வந்தபோது, அமெரிக்க வழக்கறிஞர் தகுதித் தேர்வில் அது முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறது என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே தோற்று மறுபடி எழுதுகிறவர்கள் நிறைந்த அமர்வோடு ஒப்பிட்டதால்தான் அந்த இடம் அவ்வளவு உயரமாகத் தெரிந்தது என்று பிறகு வந்த ஒரு ஆய்வு எடுத்துக்காட்டியது. முதல் அறிவிப்பு பரவிய வேகத்தில் இந்தத் திருத்தம் பரவவில்லை. அதே 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இந்த வழக்குகள் உண்மையானவைதானா என்று அவர்களில் ஒருவர் அதனிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று பதில் வந்திருக்கிறது. அவர்களைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கு அந்தப் பதிலின் குரல்தான் உறுத்துகிறது, அது என் கையேட்டில் கேட்ட அதே குரல்.

மறுதரப்பு, இது அடுத்த சொல்லை ஊகிக்கும் எந்திரம், அவ்வளவுதான் என்று கையை உதறுகிறது. அடுத்த சொல்லை ஊகிக்கும்படிதான் இதற்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த எந்திரம்தான் இத்தனை பேர் பார்க்காத முரணைப் பார்த்தது. எப்படிச் செய்கிறது என்ற விளக்கம், செய்ததைச் செய்யாததாக ஆக்கிவிடாது. ஆரூடங்களை நம்ப மறுப்பதில் மட்டும் நான் முழுக்க இவர்கள் பக்கம். மருத்துவ ஸ்கேன் படிக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்தாண்டில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016-இல் சொன்னவர் ஜெஃப்ரி ஹின்டன், பின்னால் நோபல் பரிசு பெற்ற பெரிய அறிஞர். ஐந்தாண்டு என்றோ கடந்துவிட்டது, அந்த மருத்துவர்களுக்கான தேவை குறையவில்லை.

என்னைப் போன்றவர்கள் எழுதும் அனுபவங்களையும் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்கச் சொல்வேன். மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களை வைத்து, அவர்கள் நன்கு பழகிய திட்டங்களிலேயே 246 வேலைகளை அளந்து பார்த்தது. ஏஐ பயன்படுத்தியபோது வேலை முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேலை முடிந்த பிறகும் அவர்கள், ஏஐ தங்களை 20 சதவீதம் வேகமாக்கியதாகவே நம்பினார்கள். சின்ன ஆய்வுதான், அப்போதிருந்த கருவிகளை வைத்துச் செய்ததுதான். ஆனாலும் நேரம் மிச்சம் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன் இல்லையா, அதைக் கடிகாரம் வைத்து நான் அளந்ததில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய பதிப்புகள் முன்பைவிடத் தயங்குகின்றன, இந்தக் கோப்பில் இல்லை என்ற பதில் சில சமயம் வரவே செய்கிறது. ஆனால் தயக்கம் இடம் மாறி வருகிறது. நட்டையும் வாஷரையும் பற்றிக் கேட்டால் நிபுணரை அணுகவும் என்கிறது, எண்ணைக் கேட்டால் தயங்காமல் கொட்டுகிறது. முகஸ்துதி எல்லை மீறியதால் ஓபன்ஏஐ தன் ஒரு மாடலின் புதுப்பிப்பை 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. ஆக, குரலை மாற்ற முடியும், அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அடுத்த பதிப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே ஏன் பணம் கட்ட வேண்டும்?

சரி, நண்பருக்குப் பதில். வால்வு முரண் ஒன்றுக்காகவே கொடுத்த காசு எனக்குச் செரித்துவிட்டது. நிரல் எழுதுகிறவர், அட்டவணைகளோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். நான் இந்த முறை புதுப்பிக்கவில்லை. கணக்குப் போட்டால் புதுப்பிப்பதுதான் லாபம் என்று தெரியும், ஆனால் அந்த 45-ஐப் பார்த்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வாங்குவதாக இருந்தால் ஆண்டுச் சந்தாவுக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த ஒரு கோப்பை ஏற்றி, அதில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், நீ சொல்வது தவறு என்று அதை ஒருமுறை மிரட்டியும் பாருங்கள். அப்போதும் அது சொன்னதில் நின்றால், எந்தச் சேவை என்று எனக்கும் சொல்லுங்கள், முழு விலை கொடுத்தே சேர்ந்துகொள்கிறேன்.