பழைய பென்ஸின் பானெட் நுரை: ஜெலுத்தோங் குஷன் கடையில் செய்த வேலை

என்னுடைய 1991ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230ஈ காரின் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு நுரை, சென்ற ஆண்டின் இறுதியிலிருந்து கறுப்புப் பொடியாக உதிரத் தொடங்கியது. என்ஜின் மீது மட்டும் விழுந்திருந்தால் அவ்வப்போது துடைத்துவிட்டு ஓட்டியிருப்பேன். ஆனால் என்னுடையது போன்ற டபிள்யூ124 வகைக் கார்களில் வெளிக்காற்று உள்ளே நுழையும் வாய், முன்கண்ணாடிக்குக் கீழே பானெட்டின் பின்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. ஏர்கோன் போட்டதும் முன்னிருக்கையில் இருந்த என் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கரித்துகள் விழுந்த அன்றுதான், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

அந்த நுரை பாலியூரித்தேனால் ஆனது. என்ஜினின் சூடும் பினாங்குக் காற்றின் ஈரமும் சேர்ந்து அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் மெல்ல அறுத்துவிடுகின்றன. வேதியியலில் இதனை நீராற்பகுப்பு என்பார்கள். விரல் பட்டாலே பிசுபிசுத்து நொறுங்கும் நிலைக்கு வந்த நுரையை எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது. அதில் எண்ணெயும் ஊறியிருந்தால் தீப்பற்றும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் நான் இணையத்தில் 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு நுரை விரிப்பை வாங்கி, பழைய பசையின் மேலேயே ஒட்டினேன். மூன்று மாதத்தில் அது கழன்று என்ஜின் மேல் தொங்கியது. பசையை அகற்றாதது என் தவறு. பொருளும் இந்த வேலைக்குரியதாக இல்லை. அது மூடிய துளைகள் கொண்ட நுரை. சூட்டைத் தடுக்கும், ஆனால் காற்று உட்புகாத நுரைக்குள் ஒலியும் அதிகம் புகாது. திறந்த துளைகளுள்ள நுரையில்தான் ஒலியலை உள்ளே நுழைந்து, உராய்ந்து, வலுவிழக்கும்.

பிறகு நண்பர் ஒருவர் பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு சிறிய குஷன் கடையைக் காட்டினார். இருக்கை தைப்பதுதான் அங்கே முதன்மைத் தொழில். பானெட் வேலை கேட்டு வருபவர்களுக்கு மட்டும். கடைக்கார அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்தவுடன் விலை சொல்லவில்லை. "தம்பி, வால்வ் கவர்ல ஆயில் கசியுது. மொதல்ல அத நிப்பாட்டிட்டு வாங்க, அப்புறம் ஒட்டலாம்" என்று திருப்பி அனுப்பினார். வந்த வேலையை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அந்த ஒரு பேச்சுக்காகவே, கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றியபின் அவரிடமே திரும்பிப் போனேன்.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலையில் மதியம் வரை ஒட்டுதலே நடக்கவில்லை. இந்தக் காரின் பானெட் செங்குத்தாக நிற்கும்படி திறக்கும் என்பது பெரிய வசதி. என்ஜினைத் துணியால் மூடி, காற்றுவாயை டேப்பால் அடைத்து, உதிர்ந்ததை வேக்குவத்தால் உறிஞ்சிக்கொண்டே சுரண்டினார்கள். இரும்புத் தகடு பெயிண்டைக் கீறினால் அந்த இடத்தில் துரு பிடிக்கும் என்பதற்காகப் பிளாஸ்டிக் தகட்டையே பயன்படுத்தினார்கள். பழைய பசையை மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து எடுத்து, மண்ணெண்ணெயின் வழவழப்பு புதுப் பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஆல்கஹாலால் இருமுறை துடைத்தார்கள். நான் கொடுத்த 380 வெள்ளியில் பெரும்பகுதி இந்தப் பொறுமைக்கே உரியது என்று கருதுகிறேன்.

ஒட்டியது மெல்லிய கறுப்புப் படலம் போர்த்திய திறந்த துளை நுரை; எண்ணெயும் ஈரமும் உள்ளே இறங்காமல் அந்தப் படலம் காக்கும். வெட்டிய துண்டு ஒன்றில் அண்ணன் லைட்டரைப் பிடித்துக் காட்டினார். சுடரை எடுத்ததும் அது தானாக அணைந்தது. பசையும் சூடு தாங்கும் வகை. செருப்புக்கு ஒட்டும் சாதாரண மஞ்சள் பசை இங்கே இளகிவிடும் என்று அவரே விளக்கினார்.

சிக்னலில் நிற்கும்போது வெளியே கேட்ட டக்டக் ஓசை நன்றாக மட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது உள்ளே பெரிய வேறுபாடு இல்லை. அந்த வேகத்தில் டயரும் காற்றும்தான் பேசுகின்றன. என்ஜின் ஒலியோ பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு முன்னிருக்கும் தடுப்புச் சுவர் வழியாகவே வருகிறது. அந்தச் சுவரின் விரிப்பை மாற்றப் பல பாகங்களைக் கழற்ற வேண்டும் என்பதால் இக்கடையில் அதைச் செய்வதில்லை. உள்ளே அமைதி வேண்டும் என்பதற்காக மட்டும் இந்தச் செலவைச் செய்ய வேண்டாம். பொடி நிற்க வேண்டும், பானெட் பெயிண்ட் சூட்டில் கெடாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது தகும்.

குறை என்று சொன்னால், இரண்டாம் வாரத்தில் இடப்பக்கக் கீல் அருகே ஒரு மூலை விரலளவு தூக்கியது. கொண்டு போனதும் காசு வாங்காமல் அதே இடத்தைத் துடைத்து மறுபடி ஒட்டி, கூடுதலாக ஒரு கிளிப்பும் போட்டுக் கொடுத்தார்கள். நான்கு மாதங்களாக அது அசையவில்லை.