விடும் மீன் பிழைக்க: தூண்டில் முள்ளைப் பிடுங்குவதா, நரம்பை வெட்டுவதா?

பெங்களூரின் அல்சூர், சிவாஜி நகர்ப் பக்கத்திலிருந்து நகருக்கு வெளியே காசு கட்டிப் பிடிக்கும் குளங்களுக்குப் போகிற நம் ஆட்கள் பலர், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் நீந்திப் போன மீனெல்லாம் பிழைப்பதில்லை. சில மறுநாள் செத்து மிதக்கும்.

முள் உதட்டிலோ தாடை ஓரத்திலோ இருந்தால் கழற்றிவிடலாம். தொண்டைக்குள் போய்விட்டால்தான் கேள்வி. மீனின் இதயம் தொண்டைக்குக் கீழே, செவுளை ஒட்டியே இருக்கிறது. அங்கே குறடு விட்டுத் திருகினால் ரத்தம் கொட்டும். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களில் சிலர் செவுள் திறப்பு வழியாகவே முள்ளை எடுக்கிறார்கள். கை தேர்ந்தவர்களுக்கு அது சரி. நமக்கு, முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே நரம்பை, அதாவது தூண்டில் நூலை, வெட்டுவதே மேல். சாதா இரும்பு முள் நாளடைவில் துருப்பிடித்துத் தளரும், ஸ்டெயின்லெஸ் முள் லேசில் போகாது.

இன்னும் நல்லது, முள் தொண்டைக்கே போகாமல் பார்ப்பது. மாவு உருண்டையைச் சுற்றி நாலைந்து முள் தொங்கும் ஸ்பிரிங்கை நான் அறவே வெறுக்கிறேன். ஒன்று வாயில் மாட்டினால் இன்னொன்று கண்ணையோ செவுளையோ கிழிக்கும். முனை உள்நோக்கி வளைந்த ஒற்றை வட்ட முள் போடுங்கள். மீன் கடித்ததும் சுண்டாமல் நிதானமாக நரம்பைச் சுற்றினால், அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். லூர் (போலி இரை) போடுபவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் போதும்.

கைவலையில் ரப்பர் வலைதான். முடிச்சு போட்ட நைலான், செதிலையும் வழவழப்பையும் உரித்துவிடும்.

மீன் மிதக்க உதவும் காற்றுப்பை ஊதிவிட்டால் அதை ஊசியால் குத்துவதா, மீனை எடை கட்டி ஆழத்துக்கு இறக்குவதா என்ற விவாதம் பாஸ் மீனுக்கானது. அதன் காற்றுப்பை மூடியது. ஆழத்திலிருந்து மேலே வந்தால் ஊதிப்போகும். கட்லா, ரோகு, மகசீருக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு வழி உண்டு, காற்றை வாய் வழியே விட்டுவிடும். அவற்றை ஊசியால் குத்த வேண்டியதே இல்லை.

போட்டோவுக்குத் தூக்கிப் பிடிப்பதா, தண்ணீரிலேயே வைத்து எடுப்பதா? தண்ணீரிலேயே, அதுவும் ஈரக் கையால். கடல் மட்டத்தில் 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே இன்னும் குறைவு. ஏப்ரல் வெயிலில் போராடிக் களைத்த ரோகுவுக்கு வெளியே ஒவ்வொரு நொடியும் கனம். அந்த மாதங்களில் விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரால் மட்டும் வேறு கணக்கு. அது மேலே வந்து காற்றைக் குடித்தே வாழும் மீன். களைப்பு தீரட்டும் என்று அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டிச் சாகும். முள்ளை எடுத்ததும் உடனே விட்டுவிடுங்கள்.