பண்டிகையில்லாத மாதத்துக்கு ஒரு முழுப் பக்கம்: எபிரேய மாத நாட்காட்டி பற்றிய மதிப்புரை

திருகோணமலை நகரில் வேதாகமம், செபமாலை, மெழுகுதிரி விற்கும் சிறிய கடையொன்றில் கடந்த செப்டெம்பரில் இந்தச் சுவர் நாட்காட்டியை 850 ரூபா கொடுத்து வாங்கினேன். யூதர் பின்பற்றும் எபிரேய ஆண்டு 5786க்குரிய 12 மாதங்களுக்கும் ஒவ்வொரு தாள் உண்டு. கட்டங்களில் எபிரேயத் திகதி பெரிதாகவும் ஆங்கிலத் திகதி சிறிதாகவும் அச்சாகியிருக்க, கீழ்ப்பாதியில் அந்த மாதத்தின் சமயச் சிறப்பும் பருவகாலமும் தமிழில் விளக்கப்பட்டிருக்கின்றன. ஞாயிறு பாடசாலையில் பழைய ஏற்பாடு படிப்பிக்கும் எனக்கு இது வெகுநாளாகத் தேவைப்பட்ட ஒன்று.

நிசான் மாதத்தில் பஸ்கா, திஷ்ரி மாதத்தில் எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று சொல்ல விஷயம் நிறைய இருப்பதால் அந்தப் பக்கங்களை எவரும் ஓரளவு நன்றாக எழுதிவிடலாம். வேதாகமம் ஒரு பண்டிகையைக்கூட விதிக்காத ஹெஷ்வான் (அக்டோபர்–நவம்பர்) மாதத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தயாரித்தவரின் உழைப்புத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கடையிலேயே திறந்து வாசித்தேன். "நல்லாப் பாத்து எடுங்க ரீச்சர், அவசரமில்ல" என்று கடைக்கார அக்காவும் கதிரையை இழுத்துப் போட்டார்.

பக்கம் மழையிலிருந்து தொடங்குகிறது. அதுவே சரியான தொடக்கம். இஸ்ரவேல் நாட்டில் மே முதல் செப்டெம்பர் வரை மழை கிட்டத்தட்ட இல்லை. வெயிலில் இறுகிப்போன நிலத்தில் கலப்பை இறங்க வேண்டுமானால் ஒரு மழை விழுந்தாக வேண்டும். அதற்குப் பின்தான் கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்கலாம். எபிரேயத்தில் 'யோரே' எனப்படும் அந்த முதல் மழையைத்தான் நம்முடைய வேதாகமம் 'முன்மாரி' என்று மொழிபெயர்த்தது. அறுவடைக்கு முன் கதிர்களை நிரப்பும் 'மல்கோஷ்' பின்மாரி. கந்தளாயிலும் மூதூரிலும் ஐப்பசி மழையைப் பார்த்துப் பெரும்போக விதைப்பில் இறங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த இரு சொற்களையும் விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. ஆயினும் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. யெருசலேமில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 550 மில்லிமீற்றர் மழைதான். வாடைக்காற்றோடு மாரி தொடங்கிவிட்டால் நமக்கு அது பெரிய கணக்கல்ல. அங்கே ஹெஷ்வானில் விழும் சில மில்லிமீற்றருக்காக ஒரு சமூகம் ஏன் அவ்வளவு மன்றாடியது என்பதை உணர இந்த ஒப்பீடு அவசியம். நாட்காட்டி அதைத் தரவில்லை.

ஹெஷ்வான் 7ஆம் நாளைப் பற்றிய பத்தியே இந்த நாட்காட்டியின் மிகச் சிறந்த பகுதி. திஷ்ரி 22இல், கூடாரப் பண்டிகையின் முடிவில், மழையைத் தருகிறவர் என்று கடவுளைப் போற்றத் தொடங்குகிறார்கள். "மழை தாரும்" என்று நேரே கேட்பதையோ மேலும் 15 நாள் தள்ளிவைக்கிறார்கள். பண்டிகைக்கு யெருசலேமுக்கு வந்தவர்களில் மிகத் தொலைவிலிருந்து வந்தவர் ஐப்பிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கரை போய்ச் சேரும்வரை வழியில் நனையக் கூடாது என்பதே காரணம். யூதச் சட்ட மரபுகளின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் ரபான் கமாலியேல் என்ற யூத ஆசிரியர் சொன்ன கருத்து இது. தன் வயலுக்கு மழை அவசரமாகத் தேவைப்படும்போதும் ஊர் திரும்பும் யாத்திரிகருக்காகப் பொறுத்திருக்கும் மன்றாட்டு என் மனத்தை மிகவும் தொட்டது. வீட்டு விசேஷத்துக்கு வந்த உறவினர் ஊர் போய்ச் சேர்ந்தோம் என்று அழைத்துச் சொல்லும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்கும் பழக்கமானதே. ஆனால் உலகெங்கும் உள்ள யூதர் இந்த நாளிலேயே மழை கேட்கத் தொடங்குகிறார்கள் என்று பக்கம் முடிப்பது பிழை. இஸ்ரவேல் நாட்டுக்கு வெளியே வாழ்வோர் டிசம்பர் 4 அல்லது 5ஆம் திகதி மாலையிலிருந்தே கேட்கிறார்கள்.

பெயர் விளக்கத்தில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு. மாதத்தின் முழுப்பெயர் 'மர்ஹெஷ்வான்'. 'மர்' என்றால் கசப்பு, பண்டிகையில்லாத மாதம் ஆதலால் கசப்பான மாதம் என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டார்கள். மக்களிடையே நெடுங்காலம் வழங்கிவரும் விளக்கம்தான், ஆனால் சொல்லின் வரலாறு வேறு. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த மாதப் பெயர்களில் இதுவும் ஒன்று. பழைய பாபிலோனியரின் அக்காதிய மொழியில் அதன் பொருள் வெறுமனே 'எட்டாம் மாதம்'. நிசானிலிருந்து எண்ணினால் இது எட்டாவதுதானே. 'மர்' என்பதற்கு ஏசாயா நூலில் 'துளி' என்ற பொருளும் இருப்பதால், மழைத்துளியின் மாதம் என்று வாசிக்கும் வழக்கமும் யூதரிடையே உண்டு. (நம் 'மாரி'யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல், பிள்ளைகள் கேட்டபோது அப்படியே சொன்னேன்.) சிறையிருப்புக்கு முந்திய பழைய பெயர் 'பூல்', சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்தது அந்த மாதத்தில்தான் என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் கூறுகிறது. அதையும் பக்கத்தில் காணவில்லை.

நோவாவின் வெள்ளம் பற்றிய பத்தி நன்று. இரண்டாம் மாதம் 17ஆம் நாள் தொடங்கிய வெள்ளம் மறு ஆண்டு அதே மாதம் 27ஆம் நாள் முற்றாக வடிந்தது. 12 சந்திர மாதங்களும் 11 நாள்களும் சேர்ந்தால் 365 நாள் கொண்ட ஒரு சூரிய ஆண்டு ஆகிவிடும் என்ற பழைய விளக்கத்தை எளிமையாகத் தந்திருக்கிறார்கள். அந்த இரண்டாம் மாதம் திஷ்ரியிலிருந்து எண்ணினால் வரும் ஹெஷ்வானா, நிசானிலிருந்து எண்ணினால் வரும் இயார் மாதமா என்று யூத மத ஆசிரியர்களான ரபீக்களே கருத்து வேறுபட்டிருக்க, ஒன்றையே முடிவாக எழுதியதைத் திருத்த வேண்டும்.

கட்டங்களிலும் ஒரு குறை இருக்கிறது. எபிரேய நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்கும். மஃரிப் தொழுகையோடு நாள் மாறுவதை அறிந்த நம் ஊரில் இது எவருக்கும் புதுமையல்ல. நாட்காட்டியோ ஹெஷ்வான் 7 என்பதை அக்டோபர் 29க்கு நேரே போட்டுவிட்டு, அது 28ஆம் திகதி மாலையே தொடங்குகிறது என்பதற்கு ஒரு குறியும் இடவில்லை. இவ்வாண்டு மாதத்தின் தலைநாள்கள் அக்டோபர் 22, 23. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், பக்கத்து வீட்டில் கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்றே இந்தத் தாளைத் திருப்பினேன். இரண்டும் பிறையைப் பார்ப்பவைதான். ஆனால் எபிரேயக் கணக்கு 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டுவதால் ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒத்துவராது.

தாள் தடிப்பானது, எழுத்து மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடியது. சுருள்கம்பிதான் கடல்காற்றுக்குத் தாங்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் துருவேறி மேல்விளிம்பில் கறை படிந்துவிட்டது. இவ்வளவு குறை சொன்ன பிறகும் வாங்கலாம் என்றே சொல்வேன். தமிழில் ஹெஷ்வானுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கிய வேறொரு நாட்காட்டி என் கைக்கு வந்ததில்லை.

29ஆம் நாள் கட்டம் வெறுமையாக இருந்தது. பாவநிவாரண நாளிலிருந்து 50ஆம் நாளான அன்று எத்தியோப்பிய யூதர் உபவாசமிருந்து, உயரமான இடத்துக்கு ஏறி, நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்கும் 'சிக்ட்' நாள். 2008இல் இஸ்ரேலியப் பாராளுமன்றம் அதை அரச விடுமுறையாக அங்கீகரித்தது. அந்தக் கட்டத்தில் பென்சிலால் 'சிக்ட்' என்று எழுதிவிட்டு, மற்றத் திருத்தங்களையும் ஒரு தாளில் எழுதி, அச்சிட்டவர்களிடம் சேர்க்கும்படி கடைக்கார அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.