உபுண்டுவா, அல்மாலினக்ஸா: புதிய சர்வர் நிர்வாகி எதில் தொடங்கலாம்?

விண்டோஸ் சர்வர்களை மட்டுமே அறிந்திருந்த என்னிடம் ஒருநாள் காலையில் இரண்டு லினக்ஸ் சர்வர்களின் கடவுச்சொற்களைக் கொடுத்தார்கள். முன்பு அவற்றைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒன்றில் உபுண்டு, இன்னொன்றில் சென்ட்ஓஎஸ். எல்லாம் லினக்ஸ்தானே என்று ஒன்றில் கற்ற கட்டளையை மற்றதில் அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது.

உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே எது ஓடுகிறதோ அதைத்தான் முதலில் கற்க வேண்டும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

உபுண்டு, 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸின் வழிவந்தது. அல்மாலினக்ஸ், ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தின் இலவச வடிவமாகப் பலர் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை ஆதரவு பெறும் என்று எதிர்பார்க்கப்பட்டு, 2021 முடிவிலேயே நிறுத்தப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதாம் அல்மாவும் ராக்கி லினக்ஸும். ஒரு புதியவருக்கு இவ்விரண்டில் எது என்பது பெரிய கேள்வியே அல்ல.

அப்பாச்சி வலை சர்வரை நிறுவிப் பாருங்கள், இரு குடும்பங்களின் குணமும் தெரிந்துவிடும். உபுண்டுவில் நிறுவி முடித்த கணமே அது ஓடத் தொடங்கிவிடும். ஃபயர்வால் இயல்பாக அணைந்தே இருப்பதால் பக்கமும் உடனே திறக்கும். அல்மாவில் அதன் பெயரே வேறு, ஹெச்டிடிபிடி. நிறுவினாலும் தானாக ஓடாது. நீங்கள்தான் தொடங்க வேண்டும்; மறுதொடக்கத்துக்குப் பிறகும் ஓடும்படி சொல்ல வேண்டும்; ஃபயர்வாலில் வழி திறக்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கு இது கூடுதல் சிரமம். கற்பவருக்கோ ஒரு சேவை இயங்க என்னென்ன தேவை என்பது கைவழியாகவே மனத்தில் பதிகிறது.

அடுத்து வருவது அல்மாவில் இருக்கும் எஸ்இலினக்ஸ்: எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதை, கோப்புகளுக்கு இட்ட லேபிள்களை வைத்துக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு. புதியவர்கள் அதிகம் அஞ்சுவதும், அவசரத்தில் அணைத்துவிடுவதும் இதைத்தான். ஹோம் கோப்புறையில் தயாரித்த பக்கத்தை வலை சர்வரின் கோப்புறைக்கு நகர்த்தினேன். அனுமதி இல்லை என்று சொல்லும் 403 பிழை வந்தது. 777, அதாவது எல்லாருக்கும் முழு அனுமதி, கொடுத்தும் மாறவில்லை. அரைநாள் தேடிய பிறகுதான் புரிந்தது: நகர்த்திய கோப்பு தன் பழைய லேபிளையும் உடன் கொண்டுவந்துவிடுகிறது. நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் லேபிளைப் பெற்றிருக்கும். லேபிளைத் திருத்தும் ரீஸ்டோர்கான் என்ற ஒரே கட்டளையில் சரியானது. தயவுசெய்து எஸ்இலினக்ஸை அணைக்காதீர்கள். ஆடிட் பதிவேட்டைத் திறந்தால் எது, எதைத் தொட முயன்று தடுக்கப்பட்டது என்பது அங்கே எழுதியிருக்கும். உபுண்டுவில் இதே போன்ற வேலையைச் செய்யும் ஆப்ஆர்மர் இந்த அளவுக்குக் குறுக்கே வருவதில்லை. அதனாலேயே அப்படி ஒன்று இருப்பதைப் பலர் அறிவதுமில்லை.

உபுண்டுவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியைத் தேடினாலும் அதற்கான விடைகள் குவிந்து கிடக்கின்றன. நள்ளிரவில் தனியாகச் சிக்கியவருக்கு அது பெரிய துணை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு. அல்மாவின் ஒரு பதிப்புக்குப் பத்து ஆண்டுகள். உபுண்டு சர்வரின் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் ஓர் இடைவெளி பிசகினாலும் பிழைதான். ஆனால் நெட்பிளான் ட்ரை என்ற கட்டளையால் மாற்றினால், 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவர் இதை விடக்கூடாது. அதே வேலைக்கு அல்மாவில் என்எம்டியுஐ என்ற பட்டித் திரை இருக்கிறது. விண்டோஸிலிருந்து வருபவரின் கைக்கு அது எளிதில் பழகும்.

என் தேர்வு அல்மா. மெய்நிகர் கணினி ஒன்றில் நிறுவி, முதலில் அதன் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததைப் போல ஹோம் கோப்புறையிலிருந்து ஒரு பக்கத்தை நகர்த்தி, அந்த 403 பிழையை வேண்டுமென்றே வரவழையுங்கள். ஆடிட் பதிவேட்டை மட்டும் வைத்து அதைச் சரிசெய்த பிறகு உபுண்டுவுக்குப் போகலாம்.