மீட்டெடுத்த செல்லப்பிராணி எங்கே தேறும்? மருத்துவமனை, காப்பகம், ஃபாஸ்டர் வீடு: ஓர் ஒப்பீடு

கவனிப்பாரின்றி எலும்பும் தோலுமாய்க் கிடந்த நாயை மீட்டாயிற்று. மருத்துவரும் பார்த்துவிட்டு, "இருப்பதெல்லாம் குணமாகக்கூடிய நோய்கள்தான்" என்று சொல்லிவிட்டார். சரி, தேறும்வரை அதை எங்கே வைப்பது? கால்நடை மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கலாம். காப்பகத்தில் விடலாம். இல்லையென்றால் யாராவது ஒருவர் தன் வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதாவது ஃபாஸ்டர் எடுக்கலாம். பெரும்பாலும் கையில் இருக்கும் பணமும் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதும்தான் இதை முடிவு செய்கின்றன. நோயைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பட்டினி. மெலிந்த உயிரைப் பார்த்ததும் வயிறு நிறையப் போடத்தான் மனசு வரும். ஆபத்தே அங்கேதான். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால் இன்சுலின் சட்டென்று ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயத்துடிப்பு தடுமாறும், சிவப்பணுக்கள் சிதையும், உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் முதல் நாள், சும்மா படுத்திருக்கும்போது உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலில் கால் பங்கு தரும் உணவோடு தொடங்கி, சிறுசிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்து, சில நாட்களில் மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். நடுநடுவே ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்த நாட்களுக்கு மருத்துவமனைக்கு மாற்றே இல்லை. எவ்வளவு பாசமான வீடாக இருந்தாலும் பாஸ்பேட் இறங்குவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பூனை விஷயத்தில் இன்னும் அவசரம். சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே, அதுவும் முன்பு குண்டாக இருந்த பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு தேங்கி மஞ்சள் காமாலை வரை போய்விடும். கழுத்து வழியாக உணவு செலுத்தும் குழாயைப் பொருத்தும் வேலை மருத்துவமனையுடையது. அதன் பிறகு வாரக்கணக்கில் அந்தக் குழாய் வழியாக உணவு கொடுப்பதை, சொல்லிக்கொடுத்தால் வீட்டிலேயே நன்றாகச் செய்யலாம்.

சேர்க்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இரவில் அங்கே யாராவது இருப்பார்களா? கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடும் மருத்துவமனை என்றால், ராத்திரி முழுக்க அந்த விலங்குக்குக் கிடைப்பது ஒரு கூண்டு மட்டுமே.

அடுத்தது தொற்று. இங்கே காப்பகம்தான் பலவீனமான இடம், ஆனால் எல்லாக் காப்பகமும் அல்ல. குட்டி நாய்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தந்து உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அசையாது. வீட்டு ப்ளீச்சை 1:32 விகிதத்தில் நீரில் கலந்து, தரையை முதலில் நன்றாகக் கழுவிய பிறகு ஊற்றி ஊறவிட வேண்டும். நோய் வெளியே தெரிய 14 நாள் வரை ஆகலாம் என்பதால், புதிதாக வந்த குட்டியை இரண்டு வாரமாவது தனியே வைப்பதுதான் பாதுகாப்பு. தனி அறை, தனிப் பாத்திரம், முடிந்தால் தனி ஆள் என்று வைத்திருக்கும் காப்பகம் இந்த இரண்டு வாரத்துக்கு வீட்டைவிட மேல். தடுப்பூசி போடாத குட்டிகள் ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு அதை அனுப்பவே கூடாது.

படர்தாமரையும் அப்படித்தான். இந்தப் பூஞ்சையின் வித்துகள் சோபாவிலும் மெத்தையிலும் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஒட்டிக்கொண்டிருக்கும், மனிதருக்கும் பரவும். கழுவித் துடைக்கக்கூடிய வெறும் அறைதான் இதற்கு ஏற்றது.

ஆனால் சொறி என்றதும் எல்லோரும் ஒதுங்குவது நியாயமில்லை. டெமோடெக்ஸ் வகைச் சொறி மனிதருக்கு ஒட்டாது, மற்ற நாய்களுக்கும் பரவும் நோயாக அதைக் கருதுவதில்லை. டெமோடெக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, தாயிடமிருந்தே குட்டிக்கு வந்து தோலில் குடியிருப்பது. எதிர்ப்பு சக்தி குறையும்போதுதான் பெருகுகிறது. சார்கோப்டெஸ் வகைதான் நாய்க்கு நாய் பரவும், நம் கையிலும் அரிப்பை உண்டாக்கும். இரண்டுக்கும் இன்று நல்ல மாத்திரைகள் உண்டு, தோலைச் சுரண்டிப் பார்த்து மருத்துவர் எழுதிக்கொடுப்பார். டெமோடெக்ஸுக்கு, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் எதுவும் தெரியாத வரை மருந்து தொடரும். அப்படியானால் மாதங்கள். இத்தனை காலம் மருத்துவமனைக் கூண்டில் வைப்பது வீண்செலவு, கூச்சலும் நெரிசலும் உள்ள காப்பகம் எதிர்ப்பு சக்தியை இன்னும் கெடுக்கும். வீடுதான் சரி.

இதயப்புழு உள்ள நாய்க்கு வீடு இன்னும் அவசியம். புழுவைக் கொல்லும் ஊசிகளை மருத்துவமனையில் போட்டுவிடுவார்கள்: முதலில் ஒன்று, ஒரு மாதம் கழித்து 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. சாகும் புழுக்களின் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும் என்பதால், நோய் தெரிந்த நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை ஓட்டம், துள்ளல் எதுவும் கூடாது. வரிசையாக நாய்கள் குரைக்கும் இடத்தில் ஒரு நாயை அமைதியாகப் படுக்க வைக்க முடியுமா? சிகிச்சையில் பாதி இந்த ஓய்வுதான்.

மன அழுத்தம் மனம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஓரிரு இரவுகள் வீட்டில் தங்கிய நாய்களுக்குச் சிறுநீரில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்ததையும், காப்பகம் திரும்பியதும் அது பழைய அளவுக்கே போனதையும் காட்டியது. ஹெர்பிஸ் வைரஸ் உள்ள பூனைகளுக்கு இடமாற்ற அழுத்தத்திற்கு ஒரு வாரம் கழித்துத் தும்மலும் கண்ணில் நீரும் திரும்ப வருவது மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம். மறைந்துகொள்ள ஒரு பெட்டி வைத்தாலே காப்பகப் பூனையின் பதற்றம் குறைகிறது. வீடு கிடைக்காத இடத்தில் இதையாவது செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மொத்தத்தில் நான் வீட்டுப் பக்கம்தான். முதல் சில நாள் மருத்துவமனை, தொற்று சந்தேகம் இருந்தால் தனியறை, மற்றபடி கூடிய சீக்கிரம் வீடு. மருந்தை நேரத்துக்குக் கொடுப்பது மட்டும் காரணமில்லை. காலையில் எழும்போது கால் நொண்டுகிறது, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, கிண்ணத்தின் பக்கம் கை போனால் உறுமுகிறது என்பதெல்லாம் கூடவே இருப்பவர் கண்ணில்தான் படும். நிரந்தரமாக வளர்க்கப் போகிறவருக்கு இந்தத் தகவல் மிக முக்கியம்.

வீட்டை நம்பும்போது ஏற்பாடும் சரியாக இருக்க வேண்டும். ஃபாஸ்டர் எடுப்பவருக்கு வெறிநோய் முன்தடுப்பூசி போட்டிருப்பது நல்லது, ஏனென்றால் மீட்ட விலங்கின் பழைய கதை யாருக்கும் தெரியாது. நடுராத்திரியில் மோசமானால் யாரை அழைப்பது, செலவு யாருடையது, ஃபாஸ்டர் எடுத்தவரால் தொடர முடியாமல் போனால் அடுத்த வீடு எது என்பதையெல்லாம் விலங்கு வாசல் ஏறும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.